நீல உடையில் ஒருத்தி

"தம்பி, டீ ஆறிடப் போகுது, எடுத்துக் குடி" என்று சொல்லி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள் மனைவி.

ஒட்டுமாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்கு ஏறியது. தம்பியா? கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் "இந்தாங்க". ரொம்பக் கோபம் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவாள். கட்டின புருஷனைத் தம்பி என்று கூப்பிடும்படி இன்றைக்கு என்ன வந்துவிட்டது?

"என்ன மகாராணி, எனக்கு திடீர்னு வயசு குறைஞ்சுபோச்சா?" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். அவர் மகாராணி என்று கேலி செய்தால் "ம்க்கும்" என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அது வரவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஞாபகத்தில் வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டார். மனுஷனுடைய கவனமெல்லாம் மேஜைமேல் உட்கார்ந்திருந்த புதுக் கம்ப்யூட்டர் மேல்தான் இருந்தது.

அது காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. கறுப்பாக, ஒல்லியாக, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருந்தது. இதற்கு முன்னால் இருந்ததை அவர் கிழவன் என்பார். கிழவனை எழுப்பினால் ஒரு உறுமல் கேட்கும், பிறகு சூடான தூசி வாசனை வரும், பிறகு நீலத் திரை, பிறகு ஒரு நீண்ட யோசனை. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அவர் எழுந்து அடுக்களைக்குப் போய், மனைவியிடம் ஊர்க்கதை பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாலும் பாதிப் படம்தான் திறந்திருக்கும். புதுசுக்கு அந்த ஜோலியே கிடையாது. பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பச்சைப்பிள்ளை மாதிரி குதூகலமாக இருந்தது அவருக்கு.

ஒட்டுமாஸ்டர் என்பது ஊர் வைத்த பெயர். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. உயிரோடு இருப்பவர்களைப் படம் எடுக்க இப்போது யாரும் ஸ்டுடியோவுக்கு வருவதில்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அவரிடம் வருவது செத்தவர்களுக்காக. குடும்பமாக எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "இதுல எங்க அம்மாவையும் சேத்துக் குடுங்க" என்பார்கள். அம்மாவின் படமென்று கொண்டுவருவது ஏதாவது அடையாள அட்டையில் இருக்கிற ஒரு முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது. உடம்புக்கு எங்கே போவது?

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு நீல உடை உடுத்தச் சொல்லி, சாம்பல் நிறத் திரைத்துணிக்கு முன்னால் நிறுத்தி, கைகளை முன்னால் கோத்துக்கொள்ளச் சொல்லி ஒரு படம் எடுத்தார். அதில் அவள் தலையை வெட்டிவிட்டு, செத்துப்போன பெண்ணின் தலையை ஒட்டுவார். உடையின் நிறத்தை மாற்றுவார், கொஞ்சம் குண்டாக்குவார், கொஞ்சம் ஒல்லியாக்குவார். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. "ஊர்ல பாதி வீட்டுச் சுவத்துல நான்தான் தொங்குறேன், கழுத்துக்கு மேலதான் யார் யாரோ" என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

காலையில் கிழவனிடமிருந்து புதுசுக்கு மாற்றியபோது தேவையானதை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். முடிந்துபோன படங்கள், தலை வெட்டிய அந்த உடம்பு, அவ்வளவுதான். மனைவி முகத்தோடு இருந்த அசல் படத்தை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது தொழிலுக்கு உதவாது. மிச்சத்தையெல்லாம் மறுபடி மீட்கவே முடியாதபடி அழித்தார். வீட்டுப் பெண்கள் படம் பழசை எடுத்துப்போகிற கம்ப்யூட்டர் கடைக்காரன் கையில் சிக்கக்கூடாது என்பதில் மனுஷன் அத்தனை கறார். கடைக்காரரும் வந்து கிழவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. புதுசு தானாகவே படங்களையெல்லாம் துழாவி, ஆட்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்திருந்தது. மருந்துக்கடைக்காரரின் அம்மாவையும், விபத்தில் போன டீச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இருவரும் ஒரே நபரா?" என்று கேட்டது. கீழே ஆம், இல்லை. ஒட்டுமாஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முகத்தை விட்டுவிட்டு உடம்பைக் கண்டுபிடித்துவிட்டது, கில்லாடி! எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால் தேடுவதற்கும் வசதிதானே என்று "ஆம்" என்பதை அமுக்கினார். கிழவனாக இருந்தால் அந்த ஒரு அமுக்கலுக்கே திணறி நின்றிருப்பான். இவரும் எழுந்து போயிருப்பார், ஒருவேளை யோசித்திருப்பார். இது விரலை எடுப்பதற்குள் அடுத்த ஜோடியை நீட்டியது. ஆம். ஆம். ஆம். கடைசியில் திரையில் ஒரே ஒரு வட்டம்தான் மிஞ்சியது. அதற்குள் நீல உடையில் ஒருத்தி. முகம் எல்லார் மாதிரியும் இருந்தது. கீழே "ஒரு நபர்" என்று இருந்தது.

அந்தச் சூட்டோடுதான் டீ வந்தது.

வெளியே மேகம் கட்டி, சாயங்காலத்துக்கு முன்பே அறை இருட்டிக்கொண்டு வந்தது. டம்ளரை வைக்க அடுக்களைக்குப் போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி தட்டில் உரசும் சத்தம், சோப்பு வாசனை, அதற்கு நடுவே அவள் மெல்லிய குரலில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது எல்லாம் சேர்ந்து அவர் கால்களை வாசலிலேயே நிறுத்தின. அவளுக்கு எந்தக் காலத்திலும் பாட்டு வராது.

"சின்னவன் குடை எடுத்துட்டுப் போகலையே, நனைஞ்சிருவானே" என்றாள்.

"எந்தச் சின்னவன்?"

அவர்களுக்கு ஒரே ஒரு மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

"என்னடா கேக்குற? உன் தம்பிதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பினாள்.

மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு. மெனக்கெட்டு அவரே மங்கலாக்கிய மரு. மருந்துக்கடைக்காரரின் அம்மா. டம்ளர் கையிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து நிமிர்ந்தபோது நெற்றி அகலமாகியிருந்தது, கண்கள் சிறுத்திருந்தன, குரலில் ஒரு அதட்டல் ஏறியிருந்தது. "கவனமா இருக்கக்கூடாதா?" என்றாள் டீச்சர். அடுத்த நொடி முகம் இளசாகி, உதடு துடித்தது. "அண்ணா, குழந்தை அழுதுண்ணா. பால் குடுக்கணும். யார் தூக்கி வச்சிருக்காங்க?" பிரசவத்தில் போன பெண். புருஷன் அழுதுகொண்டே படம் கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது.

 

தடுமாறிக்கொண்டு முன்னறைக்கு ஓடி வந்து கதவைச் சாத்தினார். கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர் எனக்குத் திரும்ப வேணும். இப்பவே வேணும்."

"அது எதுக்கு சார்? பிரிச்சுக் கழட்டியாச்சு."

"உள்ள ஒரு படம் இருக்கு. என் வீட்டுக்காரி படம். கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நீங்கதானே சார் பக்கத்துல நின்னு சுத்தமா அழிச்சுக் குடுத்தீங்க? எங்கிட்டக்கூட ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டீங்களே, திரும்ப வராதேன்னு." கடைக்காரர் குரலில் கவலை தட்டியது. "வீட்டுல எதும் பிரச்சினையா?"

போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். "அம்மா படம் ஒண்ணு அனுப்புடா. எதுவா இருந்தாலும் சரி. உடனே."

"என்னப்பா, மூச்சு வாங்குது? அம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

"அனுப்புடா, கண்ணு. கேள்வி கேக்காத."

படம் வந்தது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் கை போட்டு நின்றவள் மூக்குக்குப் பக்கத்தில் மரு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இப்போது அது டீச்சர்.

"இது யாரு?" என்றார்.

"அப்பா! அம்மாதான்ப்பா. என்னாச்சு உங்களுக்கு? அம்மாகிட்ட போனைக் குடுங்க."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கண்ணை இறுக மூடி, அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். சிரிப்பு ஞாபகம் வந்தது, சிரிக்கிற வாய் வரவில்லை. திட்டுவது வந்தது, முறைக்கிற கண் வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில். மூக்கு கூர்மையா, சப்பையா? தெரியவில்லை. அந்த மனுஷன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதார்.

ஒரே வழிதான் இருந்தது. சேர்த்ததைப் பிரிக்க வேண்டும்.

வட்டத்தைத் திறந்தார். ஒவ்வொரு படமாக எடுத்து, "இவர் அந்த நபரா?" என்ற கேள்விக்கு இல்லை என்று அமுக்கினார். முதல் இல்லைக்கு, மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வரேன், தம்பி."

போகிறார்கள். போய்விடுகிறார்கள்! மறுபடி அமுக்கினார்.

"நான் வரேன், சார்." டீச்சர்.

இல்லை. "வரேண்டா." இல்லை. "வரேன் மாமா." இல்லை. இல்லை. பிரசவத்தில் போனவளின் படம் வந்தபோது மட்டும் விரல் தயங்கியது. அந்தப் பக்கம் விசும்பல். "குழந்தையைப் பாத்துக்கச் சொல்லுங்கண்ணா." அமுக்கினார்.

எல்லாம் ஓய்ந்தது. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. வெளியே மழை வலுத்திருந்தது.

"மகாராணி?"



திரையில் அந்த வட்டம் காலியாக இருந்தது. கீழே எழுத்து வந்தது. "முகம் இல்லை. சேர்க்கவா?"

அவளுடைய முகம் வேண்டும். அவளைத்தான் எடுக்க வேண்டும். இப்போதே. கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். அதன் கம்பியைக் கம்ப்யூட்டரில் சொருகினார். லைட்டைப் போட்டார், அது எரியவில்லை. பரவாயில்லை, பிளாஷ் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. ஒரே ஒரு படம். திரைக்கு முன்னால வந்து நில்லு."

காலடிச் சத்தம். மெதுவாக. அவருடைய மனைவியின் நடைதான், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து. அவர் முதுகைத் தாண்டிப் போனது. திரைத்துணி லேசாக அசைந்தது. நின்றது.

"ஏங்க, இந்தக் கோலத்துலயா?" என்றாள்.

அவள் குரல்! அவளேதான்! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வந்துவிட்டாள். "நீ எந்தக் கோலத்துல இருந்தாலும் சரி, தாயே" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கினார். அறை வெளுத்து அணைந்தது.

காத்திருக்க வேண்டியதே இல்லை. படம் திரை முழுக்க வந்து நின்றது.

கோத்த கைகள். தோள்கள். கழுத்து. கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத் துணி, அதன் மடிப்புகள், ஒரு சின்னக் கிழிசல். வெட்டிய இடம் தெரியாமல் விளிம்பு மென்மையாக்கப்பட்டிருந்தது. நல்ல வேலை. அவருடைய வேலை.

மெல்ல, மிக மெல்ல, நாற்காலியோடு திரும்பினார்.

"கண்ணை மூடிட்டேன் போலங்க" என்றாள் அவள், கையைக் கோத்தபடி, கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து. "இன்னொண்ணு எடுங்க."