ஊதாத சங்கு

போன் அடித்தது.

மத்திய நீர்வளத் துறையின் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் போன் அடிப்பது பெரிய விஷயமில்லை. மழைக்காலத்தில் அது அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இயக்குநரே எடுத்தார்.

பேசியவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பழைய பாலத்துத் தூணில் ஓர் ஆணின் பிணம் சிக்கிக் கிடக்கிறது என்றார். காலையில் அணையைத் திறந்தீர்களா என்று கேட்டார். திறந்தோம் என்றார் இயக்குநர்.

"சங்கு ஊதினீங்களா, சார்?"

ஊதினோம் என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார்.

"ஏன் கேக்குறீங்க?"

"கரையில ஒருத்தர் காதுலயும் விழலையாம். டாக்டர் பார்த்து முடிக்கட்டும். நேர்ல வர்றேன்."

இயக்குநர் ரிசீவரை வைத்தார்.

நாட்டின் எல்லா அணைகளும் அந்த அறையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. எந்த மலையில் எவ்வளவு மழை, எந்த ஆறு எங்கே கரையைத் தொடும், எந்த மதகை எப்போது தூக்கலாம்... எல்லாமே அங்கே சுவர்த் திரைகளில் தெரியும். மதகைத் தூக்கச் சொல்வது இயக்குநரின் வேலை. அதற்கு முன் கரை நெடுக அபாயச் சங்கை ஊத வைப்பது துணை இயக்குநரின் வேலை. முதலில் சங்கு. ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேற வேண்டும். அப்புறம்தான் தண்ணீர்.

அன்று காலை மலையில் மழை கொட்டித் தீர்த்தது. பழைய பாலம் இருக்கும் ஆற்றின் அணை தளும்பியது. சங்கு ஊதியாகிவிட்டதா என்று இயக்குநர் கேட்டார். ஆகிவிட்டது என்றார் துணை இயக்குநர்.

முதுகுக்குப் பின்னால் ஒரு திரை. சங்கு ஊதினால் அதில் அந்த நேரத்துக்கு நேரே பச்சை விளக்கு எரிந்து, அப்படியே நிற்கும். தலையைத் திருப்பினால் போதும்.

இயக்குநர் திருப்பவில்லை. மதகைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது திரும்பிப் பார்த்தார்.

காலை நேரத்துக்கு நேரே விளக்கு இருண்டு கிடந்தது.

துணை இயக்குநரைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். முப்பதைத் தாண்டிய இளைஞன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இயக்குநரின் வாயில் அவன் 'தம்பி'தான். சொந்தத் தம்பியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். இவனுக்குப் பெண் பார்க்கப் போனதும் அவர்தான்.

"பழைய பாலத்துக்கிட்ட ஒரு பிணமாம், தம்பி. நீ சங்கு ஊதலையா?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். மறந்துவிட்டேன் என்றான். ஊதிவிட்டதாக நினைத்துக்கொண்டே வாய் தவறிச் சொல்லிவிட்டானாம். மனைவிக்கு நிறைமாதம். கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. இந்த நேரத்தில் ஜெயில் என்றால் அவள் தாங்கமாட்டாள் என்று அழுதான்.

"அண்ணே... என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

அதுவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

இயக்குநர் உருகிப் போனார். ஊத மறந்தது அவன் தப்பு. சரி... பார்க்காமல் தண்ணீரைத் திறந்தது யார் தப்பு? அது வருவது தெரியாமல் ஆற்றுக்குள் ஒரு மனிதன் நின்றிருக்கிறான்.

மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீரைக் குடிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டார்.

"நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் மதியத்துக்கு மேல் வந்தார். கட்டை குட்டையான உருவம். ஷூவில் ஆற்றுச் சேறு. துணை இயக்குநர் சுவரோரம் நின்றான்.

இயக்குநர் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. இன்று சங்கு ஊதும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டதாகவும், மழை அமளியில் மறந்துவிட்டதாகவும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். போன உயிருக்குத் தான் மட்டுமே பொறுப்பு என்றார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை.

வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லையே என்று இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். இல்லவே இல்லை என்றார் இயக்குநர்.

"அப்போ சிக்கல் பெருசு, சார். அந்த மனுஷன் குளிக்கப் போகல, மீன் பிடிக்கவும் போகல. யாரோ கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க."

இறந்தவர் ஒரு மில் வாட்ச்மேன். விடியற்காலையில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியவர். ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் காட்டியது அவர் மனைவி. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. கம்பளிக் கோட்டில் கார் விளக்கின் கண்ணாடிச் சில்லுகள் குத்தி நின்றன. பாலத்துச் சரிவின் புதருக்குள் நசுங்கிய சைக்கிள். இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொல்லிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சங்கு ஊதினா வெள்ளத்தை வேடிக்கை பார்க்க ஜனம் பாலத்துல குவிஞ்சிடும். கீழே கிடக்கிற ஆளு கண்ணுல பட்டுடுவாரு. அதனால போட்டவனுக்குத் தண்ணி வரணும்... ஆனா சங்கு ஊதக் கூடாது. அதை நிறுத்தினது நீங்க மட்டும்தான்னு இப்பதான் சொன்னீங்க."

"எந்தக் கார்ல மோதினீங்க, சார்?"

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதும்மா."

சொன்ன பிறகுதான் இயக்குநருக்கே உறைத்தது. மறதி இல்லை... மறதியே இல்லை! காலையில் திரும்ப மறுத்த தலை, இப்போது மெல்லச் சுவரோரம் திரும்பியது.

அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். விடிந்தும் விடியாத நேரத்தில் டியூட்டிக்கு விரைந்து வந்தபோது பாலத்துத் திருப்பத்தில் மோதியிருக்கிறான். விழுந்தவரிடம் அசைவில்லை. இன்று எப்படியும் அணையைத் திறந்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவரைப் பாலத்துக்குக் கீழே தூணுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான்.

"செத்தவரைத்தானே போட்டேன், அண்ணே. நான் யாரையும் கொல்லலையே..."

இன்ஸ்பெக்டரின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"நுரையீரல் பூரா தண்ணி இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. வெள்ளம் வந்தப்போ அவருக்கு மூச்சு இருந்திருக்கு. சங்கு ஊதியிருந்தா பாலத்துக்கு வந்த ஜனமே தூக்கிக் காப்பாத்தியிருக்கும்."

துணை இயக்குநர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

இயக்குநர் அவனைத் தூக்கவில்லை. திட்டவும் இல்லை. மோதியது இவன். ஆனால் அந்த மனிதரின் மூச்சை நிறுத்தியது தண்ணீர். அதைத் திறந்தது...

"நானும் வர்றேம்மா. அவன் ஊதல. நான் பார்க்கல. இப்போ பொய்யும் சொன்னேன். எல்லாத்தையும் எழுதிக்குங்க."

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. மலையில் மழை விடவில்லை. மாலையில் மறுபடியும் மதகைத் தூக்க வேண்டும். மூத்த பொறியாளரைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தார். சங்கை ஊதச் சொன்னார். பின்சுவர்த் திரையின் முன்னால் போய் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. எங்கோ தொலைவில் சங்கு எழுந்து, கரை நெடுக ஓலமிட்டுக்கொண்டே போனது. அது அடங்கும் வரை அவர் நகரவில்லை. கண்களைத் துடைக்கவும் இல்லை.

வாசலில் ஜீப் காலியாக நின்றது. டிரைவர் எங்கே என்று இயக்குநர் கேட்டார். பாலத்தில் காவலுக்கு விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன இன்ஸ்பெக்டர், இருவரையும் பின்சீட்டில் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நானேதான் ஓட்டியாகணும், சார். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஓட்டத் தெரியாது... இன்னொருத்தருக்கு நிறுத்தத் தெரியாது."