பதினான்காம் குழாய்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. இலங்கையின் கித்துல்கலவுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் மூடிக்கிடந்த ரப்பர் தொழிற்சாலையில் ஒரு கடல் ஆய்வுகூடம் அமைத்த குளிரறையில், மூவாயிரம் மீட்டர் ஆழக் கடலடிச் சேறு நிரம்பிய இருபது ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்கள் இருந்தன.

மதியம் காவலாள் தங்கையா கதவைத் திறந்தபோது, பதினான்காவது குழாயின் அடிமூடி கழன்று கிடந்தது. சேறு தரையில் பரவியிருந்தது. முட்டை அழுகிப் புழுத்த நாற்றம். இதே தொழிற்சாலையில் முப்பது வருடம் ரப்பர் பாலை உறையவைக்க அமிலம் ஊற்றியவர் அவர். பெருவிரல் நகம் நடுவில் பிளந்ததும் அந்த அமிலத்தால்தான். புளித்த பாலின் வாடையில் சோறு தின்றவர் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"குழாயைத் தொறக்காதீங்க அண்ணே, சேத்துல உசிரு இருக்கு," என்று ஆய்வுகூடத்து நூரியா மிஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். "ஒண்ணு கெட்டாலும் இந்த அறைய மூடிருவாங்க."

மூடினால் இந்த வேலையும் போகும். மிஸ் நான்கு மணிக்கு வருவார்.

"பொணத்துக்குக்கூட இவ்வளவு குளிர் வைக்க மாட்டாங்க, நீங்க சேத்துக்குக் காவலா?" என்று மனைவி புஷ்பம் காலையில்தான் சிரித்தாள்.

மூடியை இறுக்கிவிட்டு, குழாயில் திரும்பப் போடச் சேற்றை இரு கைகளாலும் அள்ளினார். சளிபோல விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டைச் சுற்றி, வழுக்கி மறுபடி தரையில் விழுந்தது. ஓடுகிற பாலைப் பிடிக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். மூலை அலமாரியில் பழைய அமிலப் போத்தல் இருந்தது. தண்ணீர் கலந்து ஊற்றினார்.

பால் உறைய ஓரிரவு வேண்டும். சேறு பத்து மூச்சில் உறைந்தது. மேலே வெளிறிய ஏடு படிந்தது; அதில் அக்குள் தோலில் இருப்பதுபோல் துளைகள். தொட்டார். வெதுவெதுப்பு. அடியில் ஏதோ விழுங்கியது.

கையை இழுத்தார். ஏடும் கூடவே வந்தது.

நாற்றம் நின்றுபோயிருந்தது. நல்லதாப் போச்சு என்று நினைத்தார். பிறகு மூக்கைத் தடவினார்.

துவாரங்கள் இல்லை. வழவழப்பான தோல். ஈரம்.

வாயைத் திறந்தார். உதடுகள் பிரியவில்லை.

நான்கு மணிக்கு நூரியா வந்தார். தரை சுத்தமாக இருந்தது. வெளியே போய், "தங்கையா அண்ணே!" என்று இரண்டு முறை கூப்பிட்டார். உள்ளே திரும்பினார். குளிர் நான்கு பாகை செல்சியஸ், குழாய்கள் இருபது என்று எழுதிக்கொண்டார்.

இருபதும் நிறைந்திருந்தன. பதினான்காவதன் சுவரின் உட்பக்கத்தில், சேற்றுக்குள்ளிருந்து, ஒரு பெருவிரல் நகம் ஒட்டியிருந்தது. நடுவில் பிளந்த நகம்.