வெயில் காலத்து விறகு

கொளுத்துகிற வெயிலில் வீட்டுச் சுவரோரம் யார் விறகு அடுக்குவார்கள்? டோப்ரிலா ஜன்னல் வழியே பார்த்தபோது ஓக் கட்டைகள் இடுப்புயரம் நின்றன. காலையில் இல்லை. நிலக்கரிச் சுரங்கம் விழுங்கப்போகிற ஊர். இன்று சாயங்காலம் கடைசிக் குடும்பங்களும் கிளம்புகின்றன. அவளும்தான். பெல்கிரேடில் மகள் மிலுங்கா அறையைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள். இந்தப் பாழாய்ப்போன ஊரை விட்டு மகளிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

தொல்லியல் ஆய்வுக்காக வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டைத் தோண்டித்தான் அவள் பாதி வாழ்க்கை தீர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைந்த குடியிருப்புகள். மக்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மண்வீடு மட்டும் எரிந்து செங்கல்லாக வெந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு ஆளின் எலும்புகள். சுவரின் உட்பக்கம் ஐந்தைந்தாக விரல்கோடுகள். அலங்காரம் என்று கட்டுரையில் எழுதினாள்.

எலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினாள். பெரும்பாலும் ஏழாயிரம் வருடப் பழசு. ஒன்று துருக்கியர் காலம். இன்னொன்று அவள் பிறந்த சமயம். வெள்ளத்துக்குப் பயந்து ஊர் மேலே ஏறி வந்த சமயமும் அதுதான். 'மேல்மண் கலந்திருக்கும்' என்று இரண்டையும் தள்ளிவிட்டாள். கணக்குக்கு ஒத்துவராத தேதியைத் தூக்கிப்போடுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் கைவந்த கலை.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு பெர்சிடா. கையில் தட்டு, அதில் ரொட்டியும் உப்பும். வருகிற விருந்தாளிக்குக் கொடுப்பது. கிளம்புகிறவளுக்கு எதற்கு?

"என்னம்மா டாக்டரு, கடைசியா வந்தவ முதல்ல ஓடலாம்னு பாக்குறியா?"

டோப்ரிலா சிரித்தாள். "விறகு யாரு வச்சது?"

"எம் புருஷன்தான். உன் மூட்டையெல்லாம் வண்டில ஏத்தினாருல்ல, அப்படியே இதையும் முடிச்சுட்டாரு."

"இந்த வெயில்ல எதுக்கு?"

"நீதானம்மா சொல்லிக்குடுத்த? அன்னிக்கு மாதிரிக்கு ஒரு மண்வீடு கட்டி எரிச்சமே, வேகவே இல்ல. சுத்தி விறகு அடுக்கணும்னு நீதான சொன்ன?"

பெர்சிடா தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஊரு காலியாகறப்போ ஒருத்தர் இருந்தாகணும். இல்லேன்னா அது எங்க பின்னாலயே வந்துரும்."

"எது?"

பெர்சிடாவின் கண் கலங்கியிருந்தது. பாவி, உண்மையாகவே அழுதாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். ஏதோ கனமான ஒன்று கதவில் வந்து சாய்ந்தது.

டோப்ரிலா தள்ளினாள். அசையவில்லை. ஈரமண்ணும் வைக்கோலும் கலந்த வாசனை, வருடக்கணக்காக அவள் விரலிடுக்கில் இருந்த அதே வாசனை, கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது. சுவரில் சொத்தென்று ஒரு சத்தம். இன்னொன்று. ஜன்னல்களை மண் மூடியது. அதன்மேல் விறகு அடுக்குகிற சத்தம். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

வண்டியில் ஏற்றிய அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. மிலுங்காவாகத்தான் இருக்கும். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. போனின் மணிச்சத்தம் தேய்ந்தது. நின்றது.

பிறகு சடசடப்பு. புகை.

ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். ஈரமண். பிறாண்டினாள். அதற்குப் பின்னால் விறகு. மறுபடி பிறாண்டினாள். விறகு. நகம் பிய்ந்தது.

விறகிடுக்கில் நெருப்பு எட்டிப்பார்த்தது. அந்த வெளிச்சத்தில் மண்ணில் தன் விரல்கள் இழுத்திருந்ததைப் பார்த்தாள்.

ஐந்து கோடுகள். பக்கத்தில் இன்னும் ஐந்து.