துடைக்கக் கூடாத புள்ளிகள்

அன்று காலை ரேஷன் கடையில் ஆரோக்கியம்மாளின் ரேகை விழவில்லை. கட்டைவிரலைச் சேலையில் துடைத்து, ஈரப்படுத்தி, மறுபடி துடைத்து வைத்துப் பார்த்தும் மெஷின் ஏற்கவில்லை. "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையும் தேஞ்சிருக்கும்மா" என்று கடைக்காரர் சிரித்தார். மகள் ரீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் இதே விரல் விழுந்ததே என்று அவரிடம் சண்டை பிடித்துவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். வழியெல்லாம் அவள் பிடித்திருந்த அந்தக் கை, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டே இருந்தது.

நாகல் நகரில் மாடியில் வீடு, கீழே அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோ. பொழுது சாயும் நேரம் ரீனா கீழே இறங்கியபோது லேமினேஷன் மெஷினின் சூட்டு வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது. மாடியில் அம்மா பால் காய்ச்சப் பாத்திரம் உருட்டும் சத்தமும், தெருவில் ஆட்டோக்கள் உறுமிப் போகும் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. கம்ப்யூட்டர் முன்னால் தம்பி சார்லஸ் உட்கார்ந்திருந்தான். திரையில், ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்த அம்மாவின் கை.

அவள் எடுத்ததா அது?

சர்ச்சில் பூசை முடிந்து வந்த அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, மூச்சு லென்ஸில் படும் நெருக்கத்தில் கை, காதுகள், கண்கள், வாய் என்று ஒவ்வொன்றாக எடுத்திருந்தாள். வெளிச்சம் போதவில்லை. பிளாஷ் போட்டால் சுருக்கமெல்லாம் வெளிறிவிடும். ஷட்டரை மெதுவாக்கினால் நடுங்கும் கை கலங்கிவிடும். கிரெய்ன் புள்ளி விழுந்தால் விழட்டும் என்று, கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வைப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றினாள். ரவை தூவியதுபோல் படம் முழுக்கப் புள்ளிகள் விழுந்தன. அம்மாவின் தோல் அந்தப் புள்ளிகளில்தான் உயிரோடு இருந்தது. அவள் எடுத்ததிலேயே அவளுக்குப் பிடித்த படங்கள் அவை.

இப்போது திரையில் இருந்த கையில் ரேகை இல்லை, மயிர்க்கால் இல்லை, விரல் மடிப்புகூட இல்லை.

"ஏலே, என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஒரே புள்ளியா கெடந்துச்சுக்கா. புது சாப்ட்வேர் வந்துச்சுல்ல, நேத்து ராத்திரி இத மட்டும் அதுல போட்டுத் தொடச்சேன். எம்புட்டு நைசா இருக்கு பாரு."

"எம் படத்துல கை வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? அசல் எங்கடா?"

"அது மேலயே சேவ் ஆயிருச்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாண ஆல்பங்களில் ஊரார் முகத்துக்கெல்லாம் இவன் மாவு பூசுவதைப் பிழைப்பு என்று பொறுத்துக்கொண்டிருந்தாள். இது அம்மா. ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

"மிச்சத்தையும் போட்டுட்டேன், ஓடிக்கிட்டிருக்கு" என்றான் அவன், தலையைத் திருப்பாமலே.

திரையின் அடியில் பச்சைக் கோடு நகர்ந்தது. காதுகள் முடிந்திருந்தன. மாடியிலிருந்து பால் தீய்ந்த வாடை இறங்கியது.

"அம்மா! பால் பொங்குது பாரு!"

செத்த நேரம் கழித்து அம்மாவின் குரல் மட்டும், தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "ரீனா... காது ரெண்டும் அடச்சுக்கிச்சுடி!"

திரையில் கண்கள் வந்தன. மேலிருந்து கீழே, யாரோ ஈரத்துணியால் இழுப்பதுபோல் புள்ளிகள் மறைந்தன. இமை போனது. கருவிழி போனது.

மாடியில் பாத்திரம் விழுந்தது.

"கரண்ட் போச்சா? யாராச்சும் மெழுகுவத்தி கொண்டாங்க!"

ரீனாவின் தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. காலையில் வழுக்கிய கை நினைவுக்கு வந்தது.

"நிறுத்துடா!"

"நடுவுல நிறுத்தினா படம் கெட்டுரும்க்கா."

வாய் வந்தது. ஒரு ஓரம் கரைந்தது. அவனைத் தள்ளிவிட்டு, சி.பி.யூ.வின் முதுகிலிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். திரை இருண்டது.

படிகள். தீய்ந்த வாடை. சமையலறையிலும் விளக்கு எரிந்தது. அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். ரீனா தோளைத் தொட்டாள்.

அம்மா திரும்பினாள்.

காது இல்லை. கண் இல்லை. நெற்றியும் கன்னமும் ஒரே வழவழப்பு. ரீனா படமெடுக்காத மூக்கு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பாதி வாய்.

அந்தப் பாதி அசைந்தது. "கரண்ட் இன்னும் வரலையாடி?"

கீழே கம்ப்யூட்டர் உயிர்பெறும் சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்காதக்கா!" சார்லஸ் உற்சாகமாகக் கத்தினான். "ஒயரச் சொருகிட்டேன். விட்ட எடத்துலருந்தே ஓடுது!"

ரீனா அலறினாள். அவள் கண்ணெதிரே, அம்மாவின் மிச்ச உதடு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது.