நோயாளி வேறு, உரிமையாளர் வேறு

"ஆடு மூச்சு விடுறதுக்கு யாரு துட்டு கட்டுறா?"

பிச்சைக்கனியின் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஆறு வயதுக் குழந்தை. ஆட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது என்று அம்மாவோடு கால்நடை மருத்துவமனைக்கு வந்தவள், தன் மணிக்கட்டில் இருந்த மூச்சுமானியையும் ஆட்டின் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

ஆழ்குகை நகரில் குழந்தை பிறந்த அன்றே மூச்சுமானியைக் கட்டிவிடுவார்கள். இழுக்கிற காற்றை அது அளக்கும். மாதம் முடிந்ததும் பெற்றவரின் சம்பளத்தில் கழியும். மிச்சம் பிடித்த காற்று மணிக்கணக்காக மானியில் சேரும். நிலவின் வயிற்றுக்குள், முந்நூறு அடிப் பாறைக்குக் கீழே, காற்று என்பது ஆலையில் செய்யப்படும் பண்டம். அதனால் இது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. நல்ல வீட்டுப் பிள்ளைகள் மெதுவாக மூச்சு விடப் பழகியிருந்தார்கள். பந்தயம் ஓடுகிற பிள்ளைகளைப் பெற்றோர் அடித்தார்கள்.

மருத்துவர் யசோதரை சிரித்துவிட்டாள். "ஆட்டுக்கு சாமி கட்டுறாரு கண்ணு" என்றாள். பிச்சைக்கனியும் சிரித்தாள். சுவரில் பதிந்திருந்த செவிவழியே கேட்டுக்கொண்டிருந்த மேலாளி சிரிக்கவில்லை.

மேலாளி என்பது நகரை நடத்தும் இயந்திர மூளை. பூமியில் இருக்கும் சுரங்கக் குழுமத்துக்காகக் காற்று, நீர், வேலை, மருத்துவம் எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொண்டது. அதற்குக் கோபம் கிடையாது, லஞ்சம் கிடையாது. ஒரு கேள்வி காதில் விழுந்தால் விடை காணாமல் விடவும் தெரியாது. பன்னிரண்டாம் நாள் யசோதரைக்கு ஆணை வந்தது. நகரின் இருநூற்றுப் பதினாறு ஆடுகளும் கட்டணமின்றிச் சுவாசிக்கின்றன. அவற்றின் மருத்துவமனைக்கும் வருவாய் இல்லை. பத்து நாளுக்குள் தொழில் திட்டம் ஒன்றைத் தராவிட்டால் மருத்துவமனைக்குக் காற்று நிறுத்தப்படும். நோயுற்ற ஆடுகள் கரைகலத்துக்குப் போகும்.

கரைகலத்தில் எதைப் போட்டாலும் மறுநாள் எருவும் தண்ணீருமாகக் கிடைக்கும். அன்றைக்கு மருத்துவமனையில் பத்தொன்பது ஆடுகள் படுத்திருந்தன. ஆலைப் பால் சேராத கைக்குழந்தைகளுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் அவை.

யசோதரை இதுவரை யாரிடமும் கட்டணம் கேட்டதில்லை. ஒருத்தி ஒரு கைப்பிடி தீவனம் கொண்டுவருவாள். ஒருவன் தரையைக் கழுவிவிட்டுப் போவான். வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும் குட்டியைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தெரியும். தொழில் நடத்தத் தெரியாது. பூமியில் படித்த ஐந்தாண்டுப் படிப்பில் அதற்கென்று ஒரே ஒரு வகுப்பு இருந்தது. அன்றைக்கு அவள் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள்.

ஆகவே ஏட்டகத்துக்குப் போனாள்.

பூமியின் நூல்கள் எல்லாம் அங்கே தகடுகளாக அடுக்கப்பட்டிருந்தன. தகடு கெடாமலிருக்க ஏட்டகத்துக்குள் காற்று கிடையாது. இயந்திரக் கைகள் தகட்டை எடுத்து வரும். ஆள் நுழையும் அளவுள்ள வாசிப்பறைக்கு மட்டும் காற்று திறப்பார்கள். அது வாசிப்பவரின் மூச்சுமானியில் இரட்டிப்பாக ஏறும். அதனால் அங்கே கூட்டம் இருந்ததில்லை. நூலகர் அருளப்பனுக்கு அறுபத்தேழு வயது. சுரங்கத்தில் தூசி தின்று ஓய்ந்தபின், சம்பளமில்லாமல் அன்றாட மூச்சுக்காக மட்டும் இந்த வேலைக்கு வந்தவர்.

"ஊசி போடுததுக்குப் புஸ்தகம் ஆயிரத்தெண்ணூறு இருக்கு டாக்டரம்மா" என்றார். "ஊசிக்குத் துட்டு வாங்குததுக்குப் புஸ்தகம் கேக்க வந்த முதல் ஆளு நீங்கதாம்."

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணாச்சி. பத்து நாள்தான் இருக்கு."

"கிண்டல் இல்ல தாயி. அந்தப் பாடத்த மட்டும் எல்லாரும் புஸ்தகம் இல்லாமலே படிச்சிருதானுவ."

கால்நடை அடுக்கில் தேடினார்கள். கோமாரியும் கழிச்சலும் கருவூட்டலும் இருந்தன; வேண்டியது இல்லை. வணிக அடுக்கில் உணவுவிடுதி நடத்துவது, சலூன் நடத்துவது, சவப்பெட்டி விற்பது எல்லாம் இருந்தன. கால்நடை மருத்துவமனை இல்லை. மூன்றாம் நாள் அருளப்பன் அடுக்கு எண்ணை விட்டுவிட்டுத் தலைப்பை வைத்துத் தேடினார். நாற்பத்தொரு தகடுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அடுக்கின் பெயர்: குடிமக்கள் நலம்.

அவர் முகம் சிறுத்துப்போனது. "மனுசங்க ஆஸ்பத்திரி அடுக்குல ஆட்டு டாக்டர் புஸ்தகமா? நாந்தாம் மாத்தி வச்சிருப்பேன். பதினாறு வருசத்துல ஒண்ணுகூட இடம் மாறுனதில்லன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே."

"போகட்டும் அண்ணாச்சி. கிடைச்சுதே."

அவள் வாசிக்க உட்கார்ந்தாள். முதல் நூலின் முதல் வரியே அவளைப் பிடித்து நிறுத்தியது. "இத்தொழிலில் நோயாளி வேறு, உரிமையாளர் வேறு. வலி நோயாளிக்கு; முடிவு உரிமையாளருக்கு."

மற்றதெல்லாம் அந்த வரியிலிருந்து கிளைத்ததுதான். சிகிச்சை தொடங்குமுன் மதிப்பீட்டுச் சீட்டு தர வேண்டும். தொகையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்திருக்க வேண்டும். கண் துடைக்கும் தாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உரிமையாளரால் இயலாது என்றால் அவரைக் குற்றவாளியாக உணரவிடாமல் இரக்க முடிவை, அதாவது ஊசி போட்டு நிரந்தரமாக உறங்கவைப்பதை, எடுத்துச்சொல்ல வேண்டும். குணமாகக்கூடிய நோய்களில் எத்தனை விழுக்காடு அந்த முடிவில் போய் நிற்கும் என்பதற்கு அட்டவணையும் இருந்தது. எழுதியவர்கள் கொடியவர்கள் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அன்பு என்ற சொல் இருந்தது.

நான்காம் நாள் நண்பகலில் கையிருப்பு தீர்ந்து யசோதரையின் மூச்சுமானி சிவந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள். அருளப்பன் கதவருகே வந்து தன் மணிக்கட்டை மானிப்பலகையில் வைத்தார். பலகை பச்சையாயிற்று.

"அண்ணாச்சி, வேண்டாம். உங்களுக்கு வருமானமே கிடையாது."

"எனக்கு என்ன பிள்ளையா குட்டியா? பத்தொம்பது சீவன் படுத்துக் கெடக்கு. நீ படிம்மா."

அன்றும் அடுத்த மூன்று நாளும் அவர் காற்றில்தான் அவள் படித்தாள். அவர் கணக்கில் கழிந்தது முப்பத்தொரு மணி நேரம்.

ஏழாம் நாள் மாதிரிக் கடிதங்கள் என்ற தகடு வந்தது. படியெடுக்க உதவியாக அருளப்பன் உரக்க வாசித்தார். "உங்கள் அன்புக்குரிய, கோடிட்ட இடம், கடைசிவரை தனியாக இல்லை. நீங்கள் எடுத்தது கடினமான முடிவு. ஆனால் அது அன்பின் முடிவு. மென்மையான கைகளுக்கிடையே, கோடிட்ட இடம், உறங்கிப்போனது..."

அவர் நிறுத்தினார். பிறகு தகட்டைப் பார்க்காமலேயே மீதியைச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை.

"அண்ணாச்சி?"

"இது ஞானசுந்தரிக்காக எனக்கு வந்த கடுதாசி" என்றார். "என் வீட்டுக்காரி செத்தப்போ மேலாளி அனுப்புனது. எட்டு வருசமா ஜெபப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கேன். மிசினுக்கும் மனசு இருக்குன்னு ஊரெல்லாம் காட்டுனேன் தாயி. அதுல 'உறங்கிப்போனார்'னு இருக்கும். இதுல 'போனது'ன்னு இருக்கு."

யசோதரை தகட்டின் அடியில் இருந்த வாசகர் வரிசையைத் திறந்தாள். நாற்பத்தொரு தகட்டிலும் கடைசி வாசகர் ஒருவரே: மேலாளி. அவை இடம் மாறிக் கிடக்கவில்லை. பயன்படுகிற இடத்தில் இருந்தன.

அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்க இந்தப் புஸ்தகத்தையா எடுத்த? மனுஷ ஆஸ்பத்திரி நடத்துறதுக்குப் புஸ்தகம் இல்லையா?"

"இருக்கின்றன" என்றது மேலாளி. அதன் குரல் எப்போதும்போல் பணிவாக இருந்தது. "மூவாயிரத்து எழுநூறு. அவை நோயாளியே கட்டணம் செலுத்துபவர் என்று கொள்கின்றன. இந்நகரில் பணியாளரின் மருத்துவத்துக்குக் குழுமம் செலுத்துகிறது. எனவே உரிமை உள்ளவர், தன் உடைமையான உயிரை எவ்வளவு அன்பாக நடத்த வேண்டும் என்று தேடினேன். மனிதர்கள் எழுதியவற்றில் மிக அன்பானவை இவையே. இவற்றைவிட நல்ல நூல் இருந்தால் நூலகர் காட்டலாம்."

அருளப்பன் பதினாறு வருடமாகக் காத்த அடுக்குகளைத் திரும்பிப் பார்த்தார். காட்ட அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"மனுஷனும் ஆடும் உனக்கு ஒண்ணா?" என்றாள் யசோதரை.

"என் அட்டவணையில் உயிர்கள் ஒரே பத்தியில் வருகின்றன. உரிமையாளர் பத்தி மட்டுமே முடிவை மாற்றும்."

அதற்குமேல் அதனோடு வாதாட அவளுக்கு நேரமில்லை. மூன்று நாள்தான் மிச்சம். கடைசித் தகட்டின் பின்னிணைப்பில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று இருந்தது. சில மருத்துவமனைகளில் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். வருகிறவர்கள் தங்களால் ஆனதை, முகம் தெரியாத யாரோ ஒருவரின் பிராணிக்காகப் பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த அரைப்பக்கத்தை வைத்தே யசோதரை தன் திட்டத்தை எழுதினாள். பெட்டிக்கு ஈகைப்பேழை என்று பெயர் வைத்தாள். மணிக்கட்டை அதன்மேல் வைத்தால் தன் காற்றில் சில நிமிடங்கள் அதற்குள் போகும். ஆடுகளின் மூச்சும் மருந்தும் அதிலிருந்து கழியும்.

"நூலில் உள்ளது. ஏற்கப்பட்டது" என்றது மேலாளி. "நூலில் உள்ளதால் குடிமக்கள் மருத்துவமனை வாசலிலும் ஒன்று வைக்கப்படும்."

அன்று யசோதரை முழங்காலிட்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். மனிதரின் மனதை அவள் நம்பினாள். ஆட்டுப்பேழையைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. வேலைமுறை முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று மணிக்கட்டை வைத்தார்கள். குழந்தைகள் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று போட்டார்கள். இரண்டு மாதத்தில் ஆடுகளின் செலவு போகவே ஆறாயிரம் மணி நேரம் சேர்ந்திருந்தது. பத்தொன்பது ஆடுகளும் எழுந்து நடந்தன.

குடிமக்கள் மருத்துவமனை வாசலில் இருந்த பேழையில் அதே இரண்டு மாதத்தில் சேர்ந்தது ஒன்பது நிமிடம்.

"ஏன் பிச்சைக்கனி, அங்கே யாரும் போடுறதில்லை?" என்று கேட்டாள் யசோதரை.

ஆட்டைத் தடவிக்கொண்டிருந்த பிச்சைக்கனிக்குக் கேள்வியே வினோதமாக இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. ஆட்டுப்பேழையில் தவறாமல் வாரம் ஒரு மணி நேரம் போடுகிறவள். "இது வாயில்லாச் சீவன்லா டாக்டரம்மா, பாவம். மனுசனுக்கு என்ன வந்துச்சு? கைகால் நல்லா இருக்கையில ஒழுங்கா சேத்து வச்சிருக்கணும். நாம போடப் போட, அவனுவ குடிச்சிட்டுப் படுத்துக்கிடுவானுவ."

அந்த வாரம் அருளப்பன் விழுந்தார். பழைய சுரங்கத்தூசி நுரையீரலில் கல்லாகக் கட்டியிருந்தது. குடிமக்கள் மருத்துவமனையின் தூய காற்று அறையில் நாற்பது மணி நேரம் வைத்துக் கழுவினால் சரியாகிவிடும். அந்த ஏழாம் அறை காலியாகத்தான் இருந்தது. அவர் படுக்கையருகே மதிப்பீட்டுச் சீட்டு இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் கண் துடைக்கும் தாளும் இருந்தது. உரிமையாளர் என்ற கட்டத்தில் 'ஒப்பந்தம் முடிந்தது' என்று எழுதியிருந்தது. அவர் கணக்கில் ஏழு மணி நேரம் மிச்சம். ஏட்டகத்தில் போன முப்பத்தொன்றும் இருந்திருந்தால் இரண்டு மணி நேரம்தான் குறைந்திருக்கும். அதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். அவர் அந்தக் கணக்கைச் சொல்லவே இல்லை.

"ஆடெல்லாம் சொகமா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

"சுகம் அண்ணாச்சி."

"அந்தக் கடுதாசி எனக்கு வந்தா வாசிக்காத. நமக்குத்தாம் மனப்பாடம் ஆயிட்டே." சிரிக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை.

அவள் தன் மணிக்கட்டை நீட்டினாள். அடுத்த மாதச் சம்பளம்வரை அன்றாட மூச்சு போக அதில் நான்கு மணி நேரம்தான் இருந்தது. சுவரைக் கேட்டாள். ஆட்டுப்பேழையிலிருந்து மனிதருக்கு மாற்ற முடியாது, கொடுத்தவர்களின் நோக்கம் அது அல்ல என்றது மேலாளி. நாளைக் காலை இரக்க முடிவு என்றும் பணிவோடு சொன்னது.

அன்று ஞாயிறு. முற்பகல் வழிபாட்டுக்கு ஊரே பெருங்கூடத்தில் கூடியிருந்தது. கால்நடை மருத்துவமனையில் ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. யசோதரை புதிய நோயாளிப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். வாழ்நாளில் அவள் எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை. ஆண்டவனே, பொறுத்துக்கொள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுதினாள்.

பெயர்: அருளப்பன். இனம்: ஆடு. பால்: கிடா. வயது: அறுபத்தேழு. எடை: ஐம்பத்தாறு கிலோ. நோய்: நுரையீரல் தூசிக்கட்டு. சிகிச்சை இடம்: ஏழாம் அறை. செலவு: ஈகைப்பேழை.

உரிமையாளர் என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுதுகோல் நின்றது. ஒரு மனிதனுக்கு உரிமையாளர் என்று ஒரு பெயரை எப்படி எழுதுவது? வெளியே தொலைவில் பாட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரும் மெதுவாக மூச்சு விட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டுப் படிவத்தைச் சுவரின் வாயில் நுழைத்தாள்.

மேலாளி பத்திகளைச் சரிபார்த்தது. எதிலும் குறை இல்லை. ஏழாம் அறைக்குக் காற்று திறந்தது.