வலப்பக்கப் பொத்தான்

மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் தையல்காரி நினைத்தாள். ஒட்ட வெட்டிய முடியில் நீர் சொட்ட, பக்கத்துக் கல்லூரி டீச்சர் துணிப்பொட்டலத்தை நீட்டினாள்.

"முழுக்கைச் சட்டை. பொத்தான் வலப்பக்கம் வரணும்."

"அது ஆம்பளைச் சட்டைங்க..."

"யாரு சொன்னா? சட்டையா?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும். உள்ளறையில் அண்ணனின் கத்திரிச் சத்தம் நின்றுவிட்டது.

அளவு நாடாவை டீச்சரின் தோளில் வைத்தாள். எத்தனையோ தோள்களை அளந்த கை... இன்று நடுங்கியது. துளி தங்கிய இமைகள் நிமிர்ந்தன. அந்தக் கண்கள்! 'ஐயோ, எனக்கு என்ன ஆச்சு...'

"ஏங்க இப்படி நடுங்குறீங்க? கடிச்சா தின்னுடப்போறேன்?"

அவள் போனதும் அண்ணன் வெளியே வந்தான்.

"ஊர் வாயில விழணுமா நாம? பொம்பளைச் சட்டையாவே தச்சுக் குடு. மீறினா இந்தக் கடையில உனக்கு மெஷின் கிடையாது."

பயந்து, பொத்தான்களை இடப்பக்கமே வைத்துத் தைத்தாள்.

நான்காம் நாள் டீச்சர் அதை உடுத்திக் கண்ணாடி முன் நின்றாள். விரல்கள் வலப்பக்கம் பொத்தானைத் தேடின... இல்லை. முகத்திலிருந்த குறும்பு அணைந்தது.

"நீங்களுமா?"

தையல்காரி தலைகுனிந்தாள். "பயம் டீச்சர்..."

"எனக்கு மட்டும் இல்லையா? ஆம்பளை, பொம்பளைங்கறதெல்லாம் பொறப்புலயே ஒட்டிக்கிட்டு வர்றதில்ல, தினம் தினம் உடுத்தி உடுத்திப் பழகுறோம்னு வகுப்புல வாய் கிழியப் பேசுறேன். வாசல் தாண்டினா முதுகுல கண்ணு மொய்க்குது. வேகமா நடந்துடுறேன்."

அந்தத் தைரியக்காரிக்கும் பயமா! தையல்காரிக்குள் எதுவோ அறுந்தது. நேரே உள்ளறைக்குப் போனாள்.

"அண்ணா, கத்திரியைக் குடு. முன்பக்கத்தைப் புதுசா வெட்டணும்."

"நான் சொன்னது காதுல விழல?"

"விழுந்துச்சு. இந்த ஒரு சட்டை வரைக்கும் மெஷினைக் குடு. அப்புறம் போயிடுறேன்."

அவன் தரவில்லை, தடுக்கவும் இல்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமாகும்?" டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரு மணி நேரம்... நீங்க எதிர்ல உட்கார்ந்தா ரெண்டு."

"ஏனாம்?"

"கை நடுங்கும். அன்னைக்கும் பயத்துல மட்டும் நடுங்கல, டீச்சர்... உங்களைப் பிடிச்சுப்போச்சு."

டீச்சர் நாற்காலியை இழுத்து, சரியாக எதிரில் போட்டுக்கொண்டாள்.

அந்தத் தையல் கோணலாகத்தான் விழுந்தது. அதைத் திருத்த, டீச்சர் தன் கடைசி மூச்சுவரை விடவேயில்லை.