வெர்னனின் நீலக் கொடி

மெல்விக் ஊர்க் கோதுமைக் கிடங்கின் எதிரே ரயில் எஞ்சினை நிறுத்தினேன். நண்பகல்தான். ஆனாலும் பனிமூட்டத்தில் கடைசிச் சரக்குப் பெட்டி மங்கலாகவே தெரிந்தது. அதை இழுத்துப் போய்விட்டால் எங்கள் ரயில் பாதையின் கதை முடிந்தது. பிறகு தண்டவாளம் பழைய இரும்புக்குப் போய்விடும்.

நெப்ராஸ்கா விவசாயிகள் கைக்காசு போட்டு அமைத்த பாதை இது. அறுவடைக் காலத்தில் பெட்டி கிடைக்காமல் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். லாரிகள் வந்தபின் அடுத்தவர்களின் காலிப் பெட்டிகளை நிறுத்த வாடகைக்கு இடம் கொடுத்து வயிறு வளர்த்தோம்.

பெட்டிக்கு முன்னால், தண்டவாளத்தில், தகரத்தாலான நீலக் கொடி நின்றது.

நீலக் கொடி இருந்தால் பெட்டிக்கு அடியில் ஆள் வேலை செய்கிறான் என்று அர்த்தம். நட்டவனைத் தவிர யாரும் அதை எடுக்கக் கூடாது. விளைச்சல் கொழித்த ஒரு வருஷம், அவசரத்தில் யாரோ அதை எடுத்துவிட்டுப் பெட்டியை நகர்த்திவிட்டார்கள். பழுது பார்த்துக்கொண்டிருந்த வெர்னன் ஹ்ருஸ்கா இதே இடத்தில் நசுங்கிச் செத்தான்.

"இங்க வேலை பாக்க யாரு இருக்கா?" என்றான் என்னோடு எஞ்சினில் வந்த ராய்ஸ். என் தங்கை டார்லீனின் புருஷன்.

"தொடாத மாப்ள."

"ஏன் மச்சான், வெர்னன் வந்து சண்டை போடுவானாக்கும்?" பிடுங்கி வயலில் எறிந்தான்.

டங்.

பெட்டிக்கு அடியில் சுத்தியல் சத்தம்.

டங்.

ராய்ஸ் குனிந்து பார்த்தான். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மாப்ள?"

"கூட ஒரு ஆள் வேணுமாம்."

பெட்டியைத் தொடாமல் திரும்பினோம்.

மறுநாள் காலையில் டார்லீன் போன் செய்தாள். "அண்ணே, இவரு பிக்கப் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டாரு. கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு. எதையோ தட்டிக்கிட்டே இருக்காரு."

ஓடினேன். ராய்ஸின் பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் இரண்டு சுத்தியல்கள் மாறி மாறி ஒலித்தன.

"டார்லீன், வண்டிக்கு முன்னால ஏதாவது நட்டிருந்துச்சா?"

"இதுவா? கால்ல இடிச்சுது, இப்பத்தான் பிடுங்கினேன்."

அவளுடைய ஒரு கையில் நீலக் கொடி. மறு கையில் வண்டிச் சாவி.

சத்தம் நின்றது.

"மாப்ள, வெளிய வா!" அலறியபடி அவன் காலைப் பற்றி இழுத்தேன். மறுபக்கம் யாரோ இழுத்தார்கள்.

ஆளில்லாத வண்டியின் எஞ்சின் உறுமியது.